ஒரு காலுக்கு ஒன்று, மறு காலுக்கு இரண்டு

"வலது காலுக்கு ரெட்டை முள்ளு. இடது காலுக்கு ஒத்தை."

டெல்ஃபீனா இப்படிக் கேட்டதும் ஃபௌஸ்தோ சிரித்துவிட்டான்.

கோஞ்ஞே என்ற மலையூரில் பனியேறுகிறவர்களின் திருவிழா. உறைந்து தொங்கும் அருவியின் அடியிலேயே கடை போட்டிருந்தார்கள். ஃபௌஸ்தோ சமவெளியிலிருந்து வந்திருந்த ஒரு கம்பெனியின் ஆள். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்சட்டங்களான க்ராம்பான்களை மேஜை நிறையப் பரப்பிவைத்து, போட்டுப் பார்க்கச் சொல்லிக் காலையிலிருந்து கூவிக்கொண்டிருந்தான்.

செங்குத்துப் பனியில் ஏறுகிறவரின் உயிர் அந்த இரும்பின் முன்முனையில்தான் இருக்கிறது. ஒற்றை முள் என்றால் பாறையின் சின்ன விரிசலுக்குள்ளும் நுழையும். இரட்டை என்றால் ஆடாமல் நிற்கும். கழற்றி மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் காலுக்கு ஒரு விதமாக மாட்டி அவன் பார்த்ததே இல்லை.

"அப்படி யாரும் போடறதில்ல மேடம். கால் குழம்பிரும்."

"என் கால் குழம்பாது தம்பி. ஸ்பேனர எடுங்க."

காபிக் கடைப் பக்கம் நின்ற உள்ளூர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் தம்பி அமாத்தோ நிமிரவே இல்லை.

"எதுல ஏறப்போறீங்க?"

அவள் மோவாயால் காட்டினாள். கீழே பாதி வெறும் பாறை. அதற்கு மேல் கூரைபோல் ஒரு துருத்தல். அதன் விளிம்பிலிருந்து நீலமாகத் தொங்கியது பனித்தூண். அந்தக் குளிர்காலத்தில் அதை ஒருவரும் முடிக்கவில்லை. அன்று காலை ஃபௌஸ்தோவே முயன்று, துருத்தலுக்குக் கீழே கெண்டைக்கால் தையல் மெஷின் ஊசியாக நடுங்க, இறங்கி வந்திருந்தான்.

அவனுக்கு ரோஷம் வந்தது. பயமும் வந்தது. இவள் விழுந்தால் என் இரும்பால் விழுந்தாள் என்றல்லவா ஊர் பேசும்? முணுமுணுத்துக்கொண்டே முள்ளைத் திருகினான்.

அவளே குனிந்து இரண்டையும் மாட்டிக்கொண்டாள். பாறையைத் தட்டிக் கொடுத்தாள். இரண்டு கையிலும் பனிக்கோடரியோடு ஏறத் தொடங்கினாள்.

இடது கால் விரிசலைத் தேடித் தேடித் தடவியது. நகக்கண் அளவு இடம் கிடைத்ததும் ஒற்றை முள் அதற்குள் போய் உட்கார்ந்தது. வலது கால் தேடவே இல்லை. அவள் குனிந்து பார்த்து, இடம் குறித்து, ஓங்கி வைத்தாள். வைத்தால் வைத்ததுதான்.

ஃபௌஸ்தோ கடையை மறந்தான்.

துருத்தலைத் தாண்டி வலது காலைத் தூணின்மேல் வீசினாள். இரண்டு முள்ளும் பனியில் இறங்கின. அடுத்த நொடி, இடது கோடரி குத்தியிருந்த பனி பெயர்ந்து கீழே வந்து சிதறியது. அவள் உடம்பு பக்கவாட்டில் திரும்பி ஆடியது.

"அக்கா, வலதுல நில்லு!"

நின்றாள். ஒரு கையும் ஒரு காலும் காற்றில் இருக்க, அந்த இரண்டு முள்ளின்மேல் நின்றாள். அந்தக் கால் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. மேலேயிருந்து அவள் சிரிப்பதுகூடக் கேட்டது.

பிறகு கோடரியை ஓங்கிக் குத்தி, ஏறி, உச்சியில் கையைத் தூக்கினாள். ஃபௌஸ்தோ தன் தொப்பியைக் கழற்றி எறிந்தான். அது யார் தலையில் விழுந்தது என்றும் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தான்.

கயிற்றில் இறங்கி வந்தவள் கன்னமெல்லாம் சிவக்க ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"இதையே எடுத்துக்கறேன். வலதுல பனி இறுகிக் கிடக்கு. கொஞ்சம் கழட்டிவிடுங்களேன்."

இப்போது அவள் எதைச் சொன்னாலும் அவன் செய்வான். பனியில் மண்டியிட்டு, பூட்ஸைக் கெட்டியாகப் பிடித்தான்.

"வலிச்சா சொல்லுங்க மேடம்."

"நல்லா இழுங்க தம்பி."

அவள் கை ஏதோ அரிப்பதுபோல் முழங்காலுக்குக் கீழே போனது. 'டிக்'கென்று ஒரு சத்தம்.

இழுத்தான். முள்ளும் பூட்ஸும் அதற்கு மேலிருந்த கம்பியும் முட்டியைத் தாங்கும் கிண்ணமுமாக, முழங்கால்வரை மொத்தக் காலும் கால்சட்டைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்தது. அதை மடியில் அணைத்தபடி ஃபௌஸ்தோ பனியில் மல்லாக்க விழுந்தான்.

காபிக் கடைப் பக்கம் வெடித்துச் சிரித்தது. அமாத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வருஷத்துக்கு ஒருத்தன் மாட்டறான்" என்றான்.

டெல்ஃபீனா கையை நீட்டினாள்.

"இரும்புக்கு பில் போடுங்க. கால் என்னோடது."