கோல் வந்திருக்கு

"இமெல்டா, கோல் வந்திரிக்கி!"

கீழ் வீட்டு ஹப்ஸா படிக்கட்டடியில நிண்டு கூப்பிட்டால் கொழும்பு கொட்டாஞ்சேனையில அந்த மாடி பிளட் முழுக்கக் கேட்கும். போன் இருக்கிறது அவ வீட்டில மட்டும்தான்.

மூண்டாம் மாடி இமெல்டா கம்பியைப் பிடிச்சுப் பிடிச்சு இறங்குவா. எழுபது வயசு. சீனி வருத்தம். போன வருஷம் குளியலறையில விழுந்து முறிஞ்ச மணிக்கட்டு இன்னும் நோகுது. இறங்கி முடிய ஹப்ஸா கையை விரிப்பா.

"கட்டாகிட்டு. இருங்க, திரும்ப எடுப்பாங்க."

எடுக்கிறதில்லை. சீனி போடாத தேத்தண்ணியைக் குடிச்சிட்டு மனுசி திரும்ப ஏறும். ஒரு நாள் எண்டால் பரவாயில்லை, ஒவ்வொரு பின்னேரமும் இதே கூத்து.

இரண்டாம் மாடி பேர்ணடெற்றுக்குப் பத்திக்கொண்டு வந்தது. கனடாவில இருக்கிற மகன் றேமண்டின்ர குரலைக் கேட்க ஒரு தாய் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு இறங்குது. கால் சறுக்கினால் இடுப்பெலும்பு போகும், பிறகு கட்டிலோடதான். கொஞ்சம் லைனில நில் எண்டு அவனுக்குச் சொல்ல வாயில்லையா இந்த ஹப்ஸாவுக்கு?

இண்டைக்குக் கேட்டே தீருறது எண்டு இறங்கிப் போய்க் கேட்டாள். ஹப்ஸா போனைத் தூக்கி இவளின்ர காதில வைச்சா.

ஒரு சத்தமும் இல்லை. மழைக்குச் செத்த லைன், மாசக்கணக்காகுதாம்.

"அப்ப அந்த மனுசியை ஏமாத்துறீங்களா?"

இமெல்டாவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனதே ஹப்ஸாதான். சீனியும் எலும்பும் சேர்ந்துதான் கெடும், விழுந்திடுவன் எண்டு பயந்து படுத்தே கிடந்தால் இரண்டும் இன்னும் மோசமாகும், நடக்கவேணும், ஆறுதலாப் படி ஏறி இறங்கவேணும் எண்டு அவர் சொல்லியிருக்கிறார். ரோட்டில நடக்கலாம் எண்டால் சந்திக்குச் சந்தி ஆமி செக்பொயின்ற். ஒரு தமிழ் மனுசி தனிய ஐடென்டிக் காட்டை நீட்டிக்கொண்டு எத்தினை இடத்தில நிக்கிறது? மிஞ்சினது இந்தப் படிதான்.

"நடங்க எண்டா நடக்கமாட்டா, மகள். மகன் எண்டா இறங்கி வருவா. அவவிட்ட சொல்லிடாதீங்க."

பேர்ணடெற்றின்ர கோபம் எல்லாம் கரைஞ்சுபோச்சு. நேரே மூண்டாம் மாடிக்குப் போனாள். யோசியாதேங்கோ அன்ரி, றேமண்ட் நாளைக்குக் கட்டாயம் எடுப்பான் எண்டு தானும் ஒரு பொய்யைச் சொல்லிவைச்சாள்.

இமெல்டா முழங்காலைத் தடவிக்கொண்டு சிரிச்சா.

"அந்தப் போன் செத்தது எனக்குத் தெரியும் பிள்ளை. அவ தேத்தண்ணி போடக் குசினிக்குள்ள போன நேரம் ஒருக்காத் தூக்கிப் பாத்தன். அண்டைக்கு வீட்டை வந்து நல்லா அழுதன்."

"தெரிஞ்சுமோ இவ்வளவு படி இறங்குறீங்கள்?"

"ஹப்ஸாவின்ர புருஷன் செத்துப்போயிட்டார். மகன் சவூதியில. அந்தப் போன்ல அவவுக்கும்தானே ஒருத்தரும் கதைக்க ஏலாது? நான் போகாட்டி அந்தத் தேத்தண்ணியை அவ தனிய இருந்து குடிக்கவேணும். எனக்குத் தெரியும் எண்டு அவவிட்டச் சொல்லிப்போடாதை."

அடுத்த நாள் பின்னேரம் வழமைபோலச் சத்தம் வந்தது. பேர்ணடெற் கதவைத் திறந்து பார்த்தாள். இமெல்டா கம்பியைப் பிடிச்சபடி, கீழே கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு இறங்கினா.

"கட்டாக விடாதேங்கோ ஹப்ஸா, இந்தா வந்திட்டன்."