மூச்சு வாங்கும் இடம்

"மிதுஷன், மெல்ல ஓடு ராசா."

மேலேயிருந்து வந்த குரலில் சிவானி திடுக்கிட்டு நின்றாள். விடியாத மரைன் டிரைவ் வீதியில், ரயில் தண்டவாளத்துக்கு அப்பால், கடல் இரைச்சல் மட்டும்தான். விளக்குப் போடாத பல்கனியில் வெள்ளைச் சேலையோடு ஒரு அம்மா நின்றார்.

"ஓம் அம்மா" என்று பதில் சொன்னது இப்திகார்.

வெள்ளவத்தையில் விடிகாலை ஓட்டக் குழுவொன்றை நடத்துபவர் அவர். சிவானி சேர்ந்து ஒரு கிழமைதான். குழுவில் மிதுஷன் என்று ஒருவரும் இல்லை.

இப்திகாரின் பயிற்சி அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு குறுக்கு ஒழுங்கையின் முனையிலிருந்து அடுத்த ஒழுங்கை முனைவரை வேகம். பிறகு மெது ஓட்டம். மூச்சிரைக்காமல் ஒரு முழு வசனம் கதைக்க முடிந்தால்தான் அடுத்த வேகத்துக்கு விடுவார். முடியாதென்றால் நடக்கவேண்டும்.

ஆனால் பயிற்சியை எப்படி மாற்றிப் போட்டாலும் கடைசி நடை அந்த வீட்டின் முன்னால்தான் வந்து முடியும். எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தக் குரல் வரும்வரை ஒருவரும் அசையமாட்டார்கள்.

ஒருநாள் மழை. சிவானியும் இப்திகாரும் மட்டும்தான் வந்திருந்தார்கள்.

"மிதுஷன், ஆர் அது பக்கத்தில?"

"என்னோட ஓடுற பிள்ளை, அம்மா."

சிவானி திரும்பிப் பார்த்தாள். அது இப்திகாரின் குரலே இல்லை. இருபது வயதுப் பெடியனின் குரல். ஈரத்தில் உடம்போடு ஒட்டிக் கிடந்த அவருடைய சேட்டின் முதுகில், நிறம் மங்கிய எழுத்தில், 'மிதுஷன்' என்று இருந்தது.

அன்றைக்கே குழுவின் பழைய ஆளான அருந்ததியைப் பிடித்துக் கேட்டாள். அருந்ததி தயங்கித் தயங்கிச் சொன்னாள். மிதுஷன் இந்தக் குழுவில் ஓடியவன். போன வருடம் கடைசி வேக ஓட்டம் முடிகிற இடத்தில், தன் வீட்டு வாசலிலேயே விழுந்தான். இதயம் நின்றுவிட்டது. அந்தப் பல்கனியில் நின்ற தாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு மனம் பேதலித்து விசர் பிடித்துவிட்டது. இப்திகாரை மகனென்று கூப்பிடத் தொடங்கினார். மகன் ஓடும்போது உடுத்திய சேட்டையும் அவரே மேலேயிருந்து இப்திகாரிடம் எறிந்து கொடுத்தார்.

"ஒருத்தரும் அவவுக்கு உண்மையைச் சொல்லக்கூடாதெண்டு இப்திகார் அண்ணை கண்டிப்பாச் சொல்லியிருக்கிறார்" என்றாள் அருந்ததி.

சிவானிக்கு மனம் ஆறவில்லை. புத்தி தடுமாறிய தாயை நாள் தவறாமல் ஏமாற்றுவதா? செத்தவனின் உடுப்பைப் போட்டு, அவன் குரலிலேயே கதைத்து?

ஞாயிறு பின்னேரம் அந்த வீட்டுக்குப் போய் மணியை அடித்தாள்.

கதவைத் திறந்த அந்த அம்மா தலை வாரி, நெற்றியில் விபூதி பூசி, சாதாரணமாக இருந்தார். உள்ளே சுவரில் மிதுஷனின் படம். அதற்குப் புதுப்பூ மாலை. முன்னால் விளக்கு எரிந்தது.

வந்ததற்குச் சொல்லியே ஆகவேண்டும்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. விடியவில உங்களுக்குப் பதில் சொல்லுறது உங்கட மகன் இல்லை."

"தெரியும் பிள்ளை."

அவர் கதவைச் சாத்திவிட்டு அவளை இருக்கச் சொன்னார். படத்தின் முன்னால் எரிந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார்.

"அண்டைக்கு 'இன்னும் ஒருக்கா வேகமா ஓடுவம்' எண்டு என்ர பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடினது இப்திகார்தான். செத்தவீட்டுக்குப் பிறகு அவன் ஓட்டத்தை விட்டிட்டான். விடியப்புறத்தில தனிய வந்து முன்னால இருக்கிற தண்டவாளத்தில குந்திக்கொண்டிருப்பான். ஒருநாள் ரயில் வாற சத்தம் கேக்குது, அவன் எழும்பேல்லை. இப்திகார், இப்திகார் எண்டு தொண்டை கிழியக் கத்தினன். திரும்பிக்கூடப் பாக்கேல்லை. பிறகு, 'மிதுஷன், அம்மாட்டை வா' எண்டன். எழும்பி வந்தான். அடுத்த கிழமை திரும்பவும் ஓடத் தொடங்கினான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்டையில இருந்துதான் பிள்ளை, எனக்கு விசர்."