கனிவாக்கும் கணினி

மருத்துவமனை அழைப்பு மையத்தில் ரெஜினா எப்படி எரிந்து விழுந்தாலும் நோயாளிக்குக் கனிவாகத்தான் கேட்கும். சொல்லையும் குரலையும் கணினி மாற்றிவிடும். அதனால் அவள் வாய்க்கு வந்தபடி பேசப் பழகியிருந்தாள்.

அன்று ஒருவர் இனிப்போடு நேரிலேயே வந்துவிட்டார்.

"யாரு வேணும்? சட்டுனு சொல்லுங்க" என்றாள்.

"ரெஜினாம்மாவப் பாக்கணும். ஆபரேஷனுக்கு முன்னாடி பயந்துபோய் போன் பண்ணேன். 'பயப்படாதீங்கப்பா, நாங்க இருக்கோம்'னாங்க. அந்தத் தைரியத்துலதான் போய்ப் படுத்தேன்."

அந்த அழைப்பு அவளுக்கு நினைவிருந்தது. "சும்மா உசுர வாங்காதய்யா" என்றுதான் சொல்லியிருந்தாள்.

கழுத்தில் தொங்கிய பெயரட்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அவங்க இன்னைக்கு லீவு."

"அப்ப இத மறக்காம குடுத்துருங்க" என்று இனிப்பை நீட்டியவர், போகிற போக்கில் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க, அவங்ககிட்டருந்து நாலு வார்த்த கனிவாப் பேசக் கத்துக்கங்கம்மா."