திரும்பாத பார்வை

சன்னலில் வந்து உட்கார்ந்தது காக்கைதானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. காக்கைதான் என்பாள் என் மனைவி சுகந்தி.

எங்கள் இரண்டு வயது மகள் ஆதிரை, சேர்க்கைத் தேர்வுக்காகப் பள்ளியின் பியானோவில் வாசித்துக்கொண்டிருந்தாள். பியானோ தன் கேமரா வழியே அவள் கண்களைக் கவனித்துக்கொண்டிருந்தது. பார்வை விலகினால் ஒலி நின்றுவிடும். பள்ளியில் இடம் கிடைக்காது. இதற்காகவே வீட்டில் தினமும் பழக்கியிருந்தோம்.

காக்கை கத்தியது. ஆதிரை திரும்பவில்லை.

திடீரென்று சுகந்தி, சோறு ஊட்டும்போது சொல்வதுபோலவே, "அதோ பாருடி, காக்கா! ஆ காட்டு!" என்றாள்.

"ஏய், காரியத்தைக் கெடுத்துடாதே!" என்றேன்.

வாய் தவறிச் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

ஒலி நிற்கவில்லை.

"பெத்தவ கூப்பிட்டும் அசையலையே! சீட் உறுதி சார்" என்று சிரித்தார் ஆசிரியை.

அன்று மாலை மொட்டைமாடியில் சுகந்தி பருப்புச்சோற்றைப் பிசைந்துகொண்டு காக்கையைக் காட்டினாள். "இங்க பியானோ இல்லடி தங்கம். திரும்பிப் பாரு." ஆதிரை கிண்ணத்தையே பார்த்தாள். பிறகு அதை வாங்கித் தானே சாப்பிட்டாள்.

ஆதிரை இப்போது அந்தப் பள்ளியில் முதல் மாணவி. சுகந்தி தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, "அதோ பாரு" என்கிறாள். நான்தான் போய்ப் பார்க்கிறேன்.