எக்ஸ்ரே யாருக்கு?

ராமநாதபுரத்து எலும்பு டாக்டரின் அறை வாசலில், மகளின் ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட மனம் வராமல் உட்கார்ந்திருந்தான் தர்மராஜ். மடியிலிருந்த ஒன்றரை வயசுக் குழந்தைக்குப் பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருந்தது.

கம்பூன்றி வந்த ஓர் அம்மாவைக் கைத்தாங்கலாக அவனருகே உட்கார வைத்துவிட்டு, ஓர் இளம்பெண் சீட்டு வாங்க விறுவிறுவென்று போனாள்.

"எம் புள்ளைக்கு இடுப்பு மூட்டு வெலகிருக்கு. நீங்க என்ன வைத்தியத்துக்கு வந்தீகம்மா?" என்றான்.

"இதே இடுப்பு மூட்டுத்தான் தம்பி. சின்னப் புள்ளையிலயே ஆபரேஷன் பண்ணது. இன்னமும் வருசத்துக்கு ஒருக்க எக்ஸ்ரே எடுக்க வாரோம்."

தர்மராஜ் கம்பைப் பார்த்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"எங்க கெளம்பிட்டீக?"

"ஆபரேஷன் பண்ணியும் கம்புதான்னா, எம் புள்ளைய எதுக்கு அறுக்கணும்?"

"அட, ஆபரேஷன் எனக்கில்ல தம்பி. அந்தா போறாளே, எம் மக உமா, அவளுக்கு. நாள் பூரா நாத்து நட்டா அந்தியில இடுப்பு வலிக்கும்பா. மறுநாளும் நடப் போயிருவா."

"அப்ப இந்தக் கம்பு?"

"போன மாசம் வரப்புல வழுக்கி விழுந்து என் காலு பெசகிருச்சு. நடுவயல்ல இருந்து ரோடு வரைக்கும் என்னைத் தூக்கிட்டு வந்ததே அவதான்."

தர்மராஜ் உட்கார்ந்தான். கசங்கிய தாளை முழங்காலில் வைத்து நீவி, கையெழுத்துப் போட்டான்.