பாயசம் கிடைக்காத பந்தி

தெருவின் கடைசி வீட்டுக் கதவையும் தட்டினார் சுகாதார இன்ஸ்பெக்டர் ஷஃபியுல்லா.

இதுவரை தட்டிய வீடுகளில் எல்லாம் ஒரே பதில்தான். கல்யாணமா? நாங்கள் போகவே இல்லை. வயிறா? அதற்கென்ன, கல் மாதிரி இருக்கிறது.

சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் செம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்கள்; மீதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்கள்.

பொய் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது.

காரணம் மயிலாப்பூருக்கே தெரியும். ரேஷன் காலம். ஸ்ரீனிவாசராகவன் தன் பெண் கல்யாணத்தில் சர்க்கார் விதித்த அளவை மறந்து ஊரையே கூப்பிட்டு இலை போட்டுவிட்டார். வயிறு போகிறது என்று ஒருவர் வாயைத் திறந்தாலும் எத்தனை இலை என்ற கேள்வி வரும். ரேஷன் இன்ஸ்பெக்டர் தனபாலன் கேஸ் போடுவார். பெண்ணைப் பெற்றவர் கோர்ட் வாசலில் நிற்பார்.

ஆனால் அந்தக் கல்யாணத்துக்குச் சமைத்த கிச்சா, அதே அண்டாக்களோடு, இன்று அடையாறில் இன்னொரு கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டிவிட்டார். எதில் கோளாறு என்று தெரியாமல் எதைக் கொட்டச் சொல்வது?

கதவைத் திறந்த விஜயலக்ஷ்மி மாமி திடமாக இருந்தாள். அந்த வீட்டில் எல்லோருமே திடம்.

இந்த முறை அவர் வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தக் கல்யாணத்துல சாப்பாடு ரொம்பப் பிரமாதமாமே, அம்மா?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்டால் மயிலாப்பூரில் யாராலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"என்ன பிரமாதம்? அந்த ரேஷன் தனபாலன் முதல் பந்தியில உக்காண்டு பாயசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிண்டார். எங்க பந்திக்கு ஒரு சொட்டு வரலை!"

சொன்ன பிறகுதான் மாமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஷஃபியுல்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாயசம் கிடைக்காத வீடு ஒன்றுதான் நன்றாக இருக்கிறது! பாயச அண்டாவைக் கவிழ்க்கச் சொல்லி அடையாறுக்கு உடனே ஆள் அனுப்பினார்.

போகிற போக்கில், தனபாலன் பாயசம் குடித்த கதையைத் தெருமுனை வெற்றிலைக் கடையில் போட்டுவிட்டுப் போனார். தானே இலையில் உட்கார்ந்தவர் இனி யார்மேல் கேஸ் போடுவார்?

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க வயிற்றுவலி வந்துவிட்டது. முதல் பந்தியில் உட்கார்ந்த பெருமையோடு ஆளுக்கு ஆள் வந்து சொன்னார்கள்.

விஜயலக்ஷ்மி மாமியும், அக்கம்பக்கம் நன்றாகப் பார்க்கும்படி, செம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.