போயிட்டு வரேன்

பெங்களூர் போர்க்கைதி முகாமில் இத்தாலியச் சிப்பாய் எர்மன்னோவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் காவலாளி மாசிலாமணி. ஒருநாள் குளத்தில் குளித்துவர எர்மன்னோ கெஞ்சியபோது, அவனே இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டான்.

"போறேன்னு சொல்லாத தொரே. செத்தவன்தான் அப்படிப் போவான். போயிட்டு வரேன்னு சொல்லு."

"போயிட்டு வரேன் அண்ணே."

எர்மன்னோ ஓடியே போனான். மூன்றாம் நாள் பிடித்துவந்தபோது வாசலில் வேறு காவலாளி.

"அண்ணன் எங்கே?"

"உன்னாலதான்யா அவன உள்ள தள்ளிட்டாங்க. ஆள் குறையுதுன்னு அதிகாரி கத்துனப்பவும், 'வரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கான், வந்துடுவான்'னே நின்னான்."

போர் முடிந்து ஊர் திரும்பி முப்பது வருடமாகிறது. ரொட்டிக்கடைக்குக் கிளம்பினாலும் மனைவி கேட்பாள், "எப்போ வருவீங்க?"

எர்மன்னோ தொப்பியை மாட்டிக்கொண்டு, அவளுக்குப் புரியாத தமிழில், "போறேன்" என்பான்.